கச்சானுக்கு மீன்பெட்டிச் சப்பாத்து

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு கையெழுத்து வைக்கத்தான் பேனை பிடித்திருக்கிறேன். முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கும், பின்னுக்கு நடந்ததை முன்னுக்குமாகச் சொல்லிவிடுவேன். சிலது மறந்தும் போயிற்று. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எங்கள் மிஸ், "கூட்டத்தில சொல்ல வெக்கமெண்டா எழுதித் தாங்க பெரியம்மா, நான் தாய்மாருக்கு வாசிச்சுக் காட்டுறன்" என்று கடதாசி வாங்கித் தந்தார்.

மிஸ் குருக்கள்மடத்தில் வாவிப் பக்கமாக ஒரு சின்ன நிலையம் நடத்துகிறார். கை கால் இயங்காத, பேச்சு வராத பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி. நான் அங்கே கூட்டுவேன், மத்தியானச் சாப்பாடு சமைப்பேன். மிச்ச நேரம் கச்சானோடுதான்.

கச்சான் ஒரு குதிரை. தெரியாதவர்கள் கன்று என்பார்கள். முதுகு என் இடுப்புக்குத்தான் வரும். குட்டி அல்ல, வளர்ந்து முடிந்த குதிரை. அந்தச் சாதியே அவ்வளவுதான் வளருமாம். கல்குடாவில் ஒரு ஹோட்டல்காரர், வந்து போகிறவர்கள் படம் எடுக்கட்டும் என்று எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார். ஹோட்டல் மூடப்பட்டதும் மிஸ்ஸிடம் கேட்டார். மிஸ் முன்பின் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டார்.

வந்த அன்று லொறியின் மூலையில் ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று நின்றான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வறுத்த கச்சான் கொட்டையின், நிலக்கடலையின் நிறம், பெயரும் அதனால்தான். ஆட்கள் சத்தம் போடப்போட அவன் இன்னும் பின்னுக்குப் போனான். நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு பிடி கங்குன் கீரைத் தண்டைக் கொண்டுபோய் நீட்டினேன். இறங்கிவிட்டான். அன்றிலிருந்து அவன் என் பொறுப்பு.

அவன் செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். பிள்ளையை முதுகில் ஏற்றுவதில்லை, அந்தப் பாரத்தை அவன் தாங்கமாட்டான். பக்கத்தில் நிற்பதுதான் வேலை. விரல் விரியாத பிள்ளை அவன் மயிரைக் கோதிக்கோதி விரலை விரிக்கும். நடக்கப் பயந்த பிள்ளை அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டு நடக்கும். காத்தான்குடியில் மீனுக்கு ஐஸ் போடுகிற றபீக்கின் மகள் ஹனா அப்படித்தான் நடந்தாள். பிள்ளைக்கு ஒரு பக்கம் பலமில்லை, பேச்சும் இல்லை. சுவரைப் பிடித்து நட என்றால் அழுவாள். கச்சானைப் பிடித்து நட என்றால் முற்றத்தைச் சுற்றி வருவாள். அவள் நின்றால் அவனும் நிற்பான். அதை யாரும் அவனுக்குப் பழக்கவில்லை.

போன வருசம் அறுவடைக்குக் கிட்ட டவுனில் வயல்காரருக்கான ஒரு கமக் கண்காட்சி நடந்தது. மிஸ் அவனைக் கொண்டுபோனார். நான் பிடரியைப் பின்னிவிட்டேன், குளம்புக்குத் தேங்காயெண்ணெய் பூசினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹனா நடந்தாள். அத்தனை சனத்துக்குள்ளும் அவன் தலையைத் தூக்கி, காலை எண்ணி எண்ணி வைப்பதுபோல நடந்தான். பரிசாக நீலப் பட்டி கொடுத்தார்கள். றபீக் அதைப் படமெடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். மலைநாட்டில் நடக்கிற பெரிய குதிரைக் கண்காட்சிக்கு வரச் சொல்லியும் அங்கேயே கேட்டார்கள். மிஸ் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

(இந்த இடத்தில் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நிற்கிறான். காற்று வாடைப் பக்கமிருந்து வருகிறது, அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.)

அடுத்த கிழமை புதிர் நாள். எங்கள் பக்கத்தில் புது நெல்லு வீட்டுக்கு வந்தால் முதலில் புதிர் எடுக்க வேண்டும். புது அரிசியைப் பொங்கி, வீட்டில் உள்ள ஒருவரும் விடுபடாமல் கொடுக்க வேண்டும். மாடு கன்றுக்கும் ஒரு பிடி உண்டு. விடுபட்டவர் மனம் நோகும், வருசம் முழுக்க அந்த வீட்டில் ஒரு குறை இருக்கும் என்று நினைப்போம். நான் கிரானில் தங்கச்சி வீட்டுக்குப் புதிருக்குப் போயிருந்தேன். தங்கச்சி என் பையில் ஒரு பொட்டலம் புது அரிசி வைத்து, "உங்கட குதிரைக்கும் ஒரு பிடி குடுங்க அக்கா" என்றாள்.

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

பிள்ளைகளைக் கூட்டி வருகிற வீடுகள் அநேகமாகக் கமக்கார வீடுகள். காலையில் வந்த தாய் ஒரு பிடி அரிசி கொடுத்தாள். அடுத்ததாக வந்தவள் சர்க்கரை போட்ட பொங்கலில் ஒரு உருண்டை கொடுத்தாள். இன்னொருத்தி நெல்லாகவே கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொருவரும் பிள்ளையின் நேரத்துக்கு வந்து போகிறவர்கள். ஒருத்தி கொடுத்தது மற்றவளுக்குத் தெரியாது. நான் வந்த பிறகு சிலர் தாமாகச் சொன்னதால்தான் எனக்கும் தெரியும். மிஸ் உள்ளே பிள்ளைகளோடு. எல்லாரும் கொடுத்தது ஒரு பிடிதான். அவன் எங்கள் வீட்டு ஆள் என்று நினைத்ததால்தான் கொடுத்தார்கள். இதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால் அவன் நின்ற நிலை சரியில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, பாரத்தை எல்லாம் பின்னுக்குப் போட்டு நின்றான். கொதிக்கிற மணலில் செருப்பில்லாமல் நிற்கிறவர்கள் குதிக்காலில் நிற்பார்களே, அப்படி. கங்குனை நீட்டினேன். மணந்தான், தின்னவில்லை.

"நாவூறுதான் பெரியம்மா" என்றாள் செல்வி. செல்வி அடுத்த ஒழுங்கையில் இருப்பவள், அவளுடைய மகனும் எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவன். "பட்டி வாங்கினத எத்தின கண் பாத்திரிக்கும். றபீக் வேற படம் படமா அனுப்பி வெச்சிரிக்கான்."

உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அப்போது அவன் படுத்துவிட்டான். எங்கள் சனம் மாட்டோடு வளர்ந்த சனம். படுத்த மாட்டை எழுப்பாவிட்டால் அது எழும்பாது என்பது எல்லாருக்கும் தெரியும். ரோட்டால் போன ஆம்பிளைகள் நாலு பேர் ஓடிவந்து, வயிற்றுக்குக் கீழே சாக்கைக் கொடுத்துத் தூக்கி, முற்றத்தில் நடத்தினார்கள். "நட ராசா, நடந்தாச் சரியாயிரும்" என்று ஒருவர் முதுகைத் தட்டிக்கொண்டே போனார். அவன் ஒவ்வொரு அடிக்கும் முனகினான். குதிரை முனகும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மாடு பார்க்கிற வைத்தியர் வந்தார். நல்ல மனிதர். குனிந்து குளம்பைத் தொட்டவர் உடனே கையை எடுத்தார், அவ்வளவு சூடு. "நான் குதிரை பார்த்ததில்ல. மலைநாட்டில மிருகங்களுக்குப் பெரிய ஆசுப்பத்திரி இரிக்கி, அங்க கேப்பம்" என்று போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கச் சத்தமாக வைத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு டொக்டர் அம்மா கதைத்தார். சிங்களப் பெண். முன்பு அம்பாறைப் பக்கம் வேலை செய்தவராம், தமிழ் உடைந்து உடைந்து வந்தது.

"நடத்த வேணாம். படுத்தா படுக்க விடுங்க. காலுக்கு ஐஸ். நிறைய ஐஸ். இங்க கொண்டு வாங்க."

நடத்தியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஐஸ் என்றதும் மிஸ் றபீக்கைக் கூப்பிட்டார். மீன் ஏற்றுகிற பட்டா லொறியோடேயே வந்து நின்றான். மீன் வைக்கிற, பஞ்சுபோல் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள், நிறைய உடைத்த ஐஸ். கச்சானை லொறியில் ஏற்றிப் படுக்க வைத்து, முன்னங்கால் இரண்டையும் பெட்டிக்குள் விட்டு ஐஸைக் கொட்டினோம். நான் பக்கத்தில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். லொறி முழுக்கப் பாரைமீன் மணம்.

"பெரியம்மா, ஆசுப்பத்திரிக்காரன் இவன மீனெண்டு நெனச்சுத் திருப்பி அனுப்பாட்டிச் சரி" என்றான் றபீக். சிரிக்கச் சொல்கிறான் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. வழியில் ஐஸ் கரையக் கரைய, மீன்கடை கண்ட இடமெல்லாம் நிறுத்தி வாங்கிப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இடம் எங்கள் அரசாங்கக் கச்சேரியில் ஆட்கள் இருக்கிற நீள வாங்குபோலத்தான். ஒரு அம்மா பூனையைக் கூடைக்குள் வைத்திருந்தார். ஒருவர் மடியில் கழுத்தில் கட்டுப்போட்ட நாய். எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். முதலில் குதிரையைப் பார்த்தார்கள், பிறகு மணத்தை. நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

டொக்டர் அம்மா வந்து அவன் கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்தார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நாடி அடித்தது, உரலில் இடிக்கிறமாதிரி. "நல்லாயிருந்தா இது தேடணும். தேடினாலும் கிடைக்காது" என்றார். அதற்குப் பிறகு கேட்டார், "இவரு என்ன சாப்பிட்டது?"

நான் பையைப் பார்த்தேன். தங்கச்சி தந்த பொட்டலம் அதற்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்டினேன். "இது நான் குடுக்கல்ல. இது மாதிரி ஆக்கள் குடுத்தது."

"எவ்வளவு?"

"ஒரு ஒரு பிடி."

"எத்தனை ஆள்?"

நான் விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டேன். அவர் திட்டவில்லை. பொட்டலத்தை மணந்து பார்த்து, "புது அரிசி நல்ல வாசம்" என்று திருப்பித் தந்தார்.

அவனுக்கு வந்த வருத்தத்தை, அந்த நோயை, டொக்டர் விளங்கப்படுத்தியமாதிரியே எழுதுகிறேன். குதிரையின் வயிறு மாட்டின் வயிறு அல்ல. மாடு தின்றதைத் திரும்ப எடுத்து அசைபோடும், குதிரைக்கு அது இல்லை. அரிசியும் சர்க்கரையும் ஒரேயடியாகப் போனால் குடலில் புளித்து நஞ்சாகி இரத்தத்தில் கலந்துவிடும். அந்த நஞ்சு காலுக்கு இறங்கும். குளம்பு எங்கள் நகம் மாதிரி. நகத்துக்குக் கீழே சதை ஒட்டியிருப்பதுபோல, குளம்புக்குள்ளே எலும்பு மெல்லிய சவ்வுகளில் தொங்குகிறது. நஞ்சு இறங்கினால் அந்தச் சவ்வு வீங்கும். வெளியில் இறுகிய குளம்பு, வீங்க இடமில்லை. அதுதான் நோவு. வீக்கம் கூடினால் சவ்வு விட்டுவிடும், எலும்பு கீழே சரியும். உள்ளங்காலைத் துளைத்துக்கொண்டு வந்தால் ஒன்றும் செய்ய ஏலாது. நடத்தினால் இன்னும் கெதியாகச் சரியும். கண்ணூறு அல்ல. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பின் முனை கொஞ்சம் கீழே குனிந்திருந்தது.

"இதில நிண்டா நல்லம். இன்னும் போனா..." என்று கையால் ஊசி போடுகிறமாதிரிக் காட்டினார். எந்த ஊசி என்று எனக்கு விளங்கியது.

பிறகு அவர் சுற்றுமுற்றும் பார்த்து, எங்கள் மீன்பெட்டியின் மூடியை எடுத்தார். கத்தியால் அவன் குளம்பின் அளவுக்கு வெட்டி, ஒட்டுநாடாவால் உள்ளங்காலோடு சேர்த்துச் சுற்றினார். பாரம் எலும்பின் முனையில் விழாமல் பரவ அப்படிச் செய்வார்களாம். கச்சான் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றான். சப்பாத்தின் ஓரத்தில் ஒரு மீன் செதிள் ஒட்டியிருந்தது. அப்போதுதான், கால் நொந்த பிறகு முதல்முதலாக, அவன் முன்காலில் கொஞ்சம் பாரம் போட்டான்.

மிஸ் நிலையத்தைப் பார்க்க வேண்டுமே, நான்தான் தங்கினேன். பில் வந்தால் என்னிடம் காட்டாமல் மிஸ்ஸுக்கே அனுப்பும்படி சொல்லிவைத்திருந்தார், நான் யோசிப்பேன் என்று. கொட்டில் கழுவுகிற ஐயா ஒருவர் தினமும் காலையில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து சுவரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார். என் கூச்சத்தை அவர் அறிந்துகொண்டார். எனக்கோ ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இருந்தால் எழும்புவேன், எழும்பினால் போய் நாடி பார்ப்பேன், பார்த்துவிட்டு வந்து இருந்தால் இப்போது கூடியிருக்குமோ என்று திரும்பப் போவேன். "அம்மா, நீங்க விரல் வைச்சு வைச்சே அவருக்குக் காச்சல் வரும்" என்றார் டொக்டர்.

ஊரிலிருந்து போன் வரும். "என்னகா, நாவூறு கழிஞ்சதா?" என்று தாய்மார் கேட்பார்கள். காய்ச்சல் என்றேன். உங்கள் புதிர்தான் என்று எந்த வாயால் சொல்வது.

பின்னேரங்களில் றபீக் எடுப்பான். "புள்ளைக்கு அவன் சப்புற சத்தம் கேக்கணுமாம், பெரியம்மா. போனப் புடிச்சிக்கிட்டு வுடுறாளில்ல." ஹனாவுக்கு வாயால் சொல்ல வராது, ஆனால் வேண்டியதை வாங்கத் தெரியும். அப்போது கச்சான் ஒன்றும் தின்னாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு புல்லை எடுத்து என் வாயில் வைத்துப் போனுக்குக் கிட்டச் சப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் றபீக் சொன்னான், "அது அவன் இல்லையாம் பெரியம்மா. தலைய ஆட்டுறா."

அந்தப் பிள்ளையை ஏமாற்ற முடியாது.

ஒரு நாள் டொக்டர் முகம் சரியில்லை. நாடி குறையவில்லை, அவனும் எழும்பவில்லை. நாளைக்கு இன்னொரு எக்ஸ்ரே எடுப்போம், எலும்பு இன்னும் இறங்கியிருந்தால் அவனை வதைக்கக் கூடாது என்றார். மிஸ்ஸுக்கும் போனில் சொல்லிவிட்டார். மிஸ் என்னோடு கதைத்தார். அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது.

"நீங்கதான் அவனோட இரிக்கிற பெரியம்மா. நீங்க என்ன நினைக்கிற?"

என்னிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவனுக்கு நோவு என்று எனக்குத் தெரியும். ஹனா முற்றத்தில் அவனுக்காக நிற்பதும் கண்ணுக்குள் தெரிந்தது.

"நாளைக்குப் படத்தப் பாப்பம் புள்ள" என்றேன். "இறங்கியிருந்தா விட்டிருவம். ஹனாவுக்கு நான் சொல்றன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவனோடு போய் இருந்தேன். அவன் தலையை என் மடியில் போட்டான். லொறியில் போட்டதுபோல.

அடுத்த நாள் டொக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்காது, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கோட்டில் விரலை வைத்து, "போகயில்ல" என்றார். "அங்கேயே நிண்டுட்டு."

அன்று பின்னேரம் கச்சான் படுத்தபடியே தண்ணீரில் ஊறவைத்த புல்லைக் கொஞ்சம் இழுத்தான். சப்பினான். நான் போனை அவன் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. றபீக்கின் காசு முடிந்து போன் அறும்வரை ஹனா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பையில் கிடந்த புதிர் அரிசியை அன்றுதான் பொங்கினேன். டொக்டர் அம்மாவுக்கும் தேத்தண்ணி தந்த ஐயாவுக்கும் கொடுத்தேன். நான் கச்சானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சாப்பிட்டேன். ஒருவரும் விடுபடக் கூடாத புதிரில் அவன்தான் விடுபட்டான்.

இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். மணல் முற்றத்தில் மெதுவாக நடப்பான். ஓடமாட்டான், இனிக் கண்காட்சிக்குப் போகமாட்டான். நீலப் பட்டி கொட்டில் கம்பில் தொங்குகிறது. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்பான், கால் நொந்தால் படுப்பான். அவன் படுத்தால் ஹனாவும் பக்கத்தில் இருந்துகொண்டு பலமில்லாத கையால் பிடரியைக் கோதுவாள். ஆனால் ஒருமுறை வந்த காலுக்குத் திரும்பவும் கெதியாக வரும், அடுத்தமுறை தப்பமாட்டான் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

இப்போது வட்டையில், வயல்வெளி முழுக்க, நெல்லு மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. முந்தநாள் செல்வி என்னிடம் சொன்னாள், "இந்த முறை எங்கட புதிரில ஒரு பிடி அவனுக்குக் குடுப்பம் பெரியம்மா. போன வருசத்து நோயெல்லாம் போயிரும்." நல்ல மனதோடு சொன்னாள். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை, அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

தாய்மாரிடம் கேட்கிறேன். கச்சானுக்கு அரிசி வேண்டாம். பொங்கல், நெல்லு, தவிடு, சர்க்கரை ஒன்றும் வேண்டாம், ஒரு பிடி கூட வேண்டாம். அவனை விட்டுவிட மனமில்லை என்றால், புது நெல்லடித்த வைக்கோலில் ஒரு சின்னப் பிடி கொண்டுவாருங்கள். அதுவும் அதே வயலில் விளைந்ததுதானே. நான் தண்ணீரில் அலசிக் கொடுக்கிறேன், அது அவனுக்கு ஆகும் என்று டொக்டரிடம் கேட்டுவிட்டேன். அரிசியை என்னிடம் தாருங்கள். அவன் பங்கை நான் சாப்பிடுகிறேன். எனக்குக் குளம்பு இல்லை.

மிஸ், இதை வாசிக்க முன்னம் நீங்கள் ஒருக்கால் சரிபார்க்க வேண்டும். எந்தக் காலில் எலும்பு கூடக் குனிந்தது என்பதை நான் எழுதவில்லை, இடது என்றுதான் நினைக்கிறேன். வருத்தத்தின் பெயரை டொக்டரிடம் கேட்டுப் போடுங்கள். செல்வியின் பெயர் வருகிற இடத்தில் அவள் மனம் நோகுமென்றால் பெயரை வெட்டிவிடுங்கள். அரிசி வேண்டாம் என்று எழுதியதை மட்டும் வெட்ட வேண்டாம். கெதியாகப் பாருங்கள் மிஸ், கிரான் பக்கத்தில் கதிர் சாய்ந்துவிட்டதாம்.